விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கிராமத்துப் பெண்ணின் ஆசைக்கு எல்லை வகுத்தது எது?

பொருநை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புனைகதைகளை எங்கள் வாசகர் வட்டத்தில் வரிசையாகப் படித்து வருகிறோம். கிராமத்து ஏழைப் பெண் ஒருத்தி தன் பிறப்புக்கு மேலான வாழ்வொன்றை விரும்பிவிட்டால், அந்தக் கதைகள் அவளைப் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் கொண்டுபோய் விடுகின்றன. ஒன்று, ஒரு கனவானை மணந்துகொள்கிறாள். அல்லது ஒரு கனவானால் சீரழிகிறாள். தன் படிப்பாலும் உழைப்பாலும் ஓர் இடத்தை அடைந்து, அந்த இடத்திலேயே நிலைத்து வாழ்ந்த பெண்ணின் கதை எங்களுக்கு அரிதாகவே கிடைத்தது. உண்மை வாழ்க்கையும் அப்படித்தான் இருந்ததா?

விக்டோரியா அரசியின் ஆட்சி 1837 முதல் 1901 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் இரயில் பாதைகள் கிராமங்களைத் தொட்டன. 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1884இல் விவசாயக் கூலிகளுள் ஆண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடைத்தது. இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவே, ஒரு மேஸ்திரியின் மகளோ பண்ணைக் கூலியின் மகளோ பதின்மூன்று வயதில் தனக்கென ஓர் எதிர்காலத்தை நினைத்துப் பார்த்தால், அவள் முன் திறந்திருந்த வழிகள் யாவை? அவளைத் தடுத்தது பணமா, பிறப்பா? தடையைத் தாண்டியவளை மேலே இருந்தவர்கள் தங்களுள் ஒருத்தியாக ஏற்றுக்கொண்டார்களா? கடவுள் எந்த வாழ்வுநிலைக்குத் தன்னை அழைக்கிறாரோ அந்த நிலையில் தன் கடமையைச் செய்வதாகத் திருச்சபையின் வினாவிடையை ஒப்பித்து வளர்ந்த சிறுமிக்கு, உயர வேண்டும் என்ற எண்ணமே குற்றமாகத் தோன்றியிருக்குமோ என்றும் ஐயம் எழுகிறது. உண்மையில் வாழ்ந்த பெண்களைக் கொண்டு யாரேனும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரிசல்:

வணக்கம் பொருநை அவர்களே. உண்மையில் வாழ்ந்த பெண்கள் என்று கேட்டதால், டார்செட் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களை எடுத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் உறவினர்கள் என்பதால் இவர்களுடைய வாழ்க்கை ஆராயப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. இல்லாவிட்டால், இவர்களைப் போன்ற பல்லாயிரம் பெண்களோடு இவர்களும் மறைந்திருப்பார்கள்.

ஹார்டியின் தாய்வழிப் பாட்டி பெட்டி, ஓரளவு நிலமும் வசதியும் உள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் விருப்பத்துக்கு மாறாக ஒரு வேலைக்காரரை மணந்ததால் சொத்தை இழந்தார். கணவர் இறந்த பிறகு, ஏழு பிள்ளைகளை ஊராட்சியின் ஏழை நிவாரணத்தைக் கொண்டு வளர்க்க வேண்டிய நிலைக்கு வந்தார். அந்தப் பிள்ளைகளுள் ஒருவரான ஜெமைமா 1813இல் பிறந்தவர். இளம் வயதிலேயே வீட்டு வேலைக்குச் சென்று, இல்செஸ்டர் பிரபுவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குருவானவர் வீட்டில் சமையற்காரியாகத் தேர்ந்தார். அவருக்கு ஒரு தெளிவான இலட்சியம் இருந்தது. லண்டனில் கனவான்களின் சங்க மாளிகை ஒன்றில் சமையற்காரியாக வேண்டும் என்று அவர் விரும்பினார். படிப்பறிவுள்ள, புத்தகங்களை நேசித்த ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு 1830களில் எட்டக்கூடிய மிக உயர்ந்த இடமாக அது தெரிந்திருக்கிறது. 1839இல் மேஸ்திரி ஒருவருடன் நடந்த திருமணம் அந்த எண்ணத்தை முடித்து வைத்தது.

அதே ஜெமைமாவின் மகள் மேரி 1860இல் சால்ஸ்பரியில் இருந்த பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இந்த வழியைத் திறந்தது 1846ஆம் ஆண்டின் அரசாணை. ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் வகுத்த அத்திட்டத்தின்படி, பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவனோ சிறுமியோ தான் படித்த பள்ளியிலேயே ஐந்தாண்டு பயிற்சி ஒப்பந்தத்தில் மாணவ ஆசிரியராகச் சேரலாம். பகலில் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமையாசிரியரிடம் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பாடம் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் அரசு ஆய்வாளர் முன் தேர்வெழுத வேண்டும். முதலாண்டில் 10 பவுண்டும் ஐந்தாம் ஆண்டில் 20 பவுண்டும் உதவித்தொகை. முடிவில் நடக்கும் போட்டித் தேர்வில் வென்றால் அரசியின் உதவிச் சம்பளத்துடன் பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம். உயிரோடு இருக்கும் எந்தச் செல்வரின் தயவும் இல்லாமல், தேர்ச்சி ஒன்றையே கொண்டு ஒரு கிராமத்துப் பெண் அரசுச் சான்றிதழ் பெற முடிந்த முதல் வழி இதுதான் என்பது என் மதிப்பீடு.

ஆனால் அந்த வழியின் வாசலில் என்ன எழுதியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திருச்சபைப் பள்ளியில் சேர விரும்பும் சிறுமியின் ஒழுக்கத்துக்கு மட்டுமன்றி, அவளுடைய குடும்பத்தின் ஒழுக்கத்துக்கும் குருவானவரும் பள்ளி நிர்வாகிகளும் சான்று தர வேண்டும். குடும்பத்துக்குச் சான்று தர இயலாவிட்டால், அவள் வீட்டைவிட்டு வெளியேறி, அவர்கள் ஏற்கும் வேறொரு வீட்டில் தங்க வேண்டும். தந்தை குடிப்பவராகவோ, கோயிலுக்கு வராதவராகவோ, குருவானவருக்குப் பிடிக்காத கூட்டங்களுக்குப் போகிறவராகவோ இருந்தால் மகளின் கதி என்ன என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்தார் வாழ்ந்த பட்டில்டவுன் பகுதிக்கு அருகில்தான் டால்பட்டில் இருக்கிறது. வாரக் கூலி 7 ஷில்லிங்காக (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) குறைந்து மேலும் குறையும் என்ற நிலையில் சங்கம் அமைத்த ஆறு தொழிலாளர்கள், 1834இல் அங்கிருந்துதான் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேரி பண்ணைக் கூலியின் மகள் அல்லர். அவருடைய தந்தை சொந்தமாகத் தொழில் நடத்திய மேஸ்திரி. ஆயுட்கால உரிமையில் ஒரு வீடும் அவருக்கு இருந்தது. மாணவ ஆசிரியைகளாக வந்தவர்களுள் பெரும்பாலோர் இத்தகைய கைத்தொழிலாளர், சிறுகடைக்காரர் வீட்டுப் பெண்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கிராமத்து ஏழைகள் அனைவரும் ஒரே கூட்டமாகத் தெரிந்தாலும், வாரம் பத்து ஷில்லிங்கை எதிர்பார்த்து வாழும் கூலிக்கும் மேஸ்திரிக்கும் இடையே இருந்த கோடு மிகவும் ஆழமானது. பெண்ணின் ஆசை நிறைவேறுமா என்பதைப் பல வேளைகளில் அந்தக் கோடுதான் முடிவு செய்தது.

மேரியின் பெரியம்மா மகள் டிரிஃபீனா ஸ்பார்க்ஸின் வாழ்க்கை இதைவிட வேகமானது. 1851இல் பட்டில்டவுனில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தவர், உள்ளூர்ப் பள்ளியில் மாணவ ஆசிரியையாக இருந்து, 1870இல் லண்டனின் ஸ்டாக்வெல் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று, 1872 தொடக்கத்தில் இருபது வயதிலேயே பிளிமத் நகரில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளத்தில் அமர்ந்தார். அவர் பிறந்த ஊரில் ஒரு கூலிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 30 பவுண்டைத் தொடுவதே கடினம். அவருடைய அக்காள் மார்த்தா லண்டனில் ஒரு சீமாட்டியின் தோழிப் பணிப்பெண்ணாக இருந்தார். அதே வேலை உலகில் இருந்த தலைமைப் பணியாளர் ஒருவரை மணந்ததால் இருவரும் வேலையை இழந்து குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர நேர்ந்தது. ஒரே வீட்டின் இரு மகள்களில் ஒருத்தி அரசின் சான்றிதழையும் மற்றொருத்தி எசமானியின் விருப்பத்தையும் நம்பி நின்றதால் விளைந்த வேறுபாட்டை இதில் காணலாம்.

மேலே இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டீர்கள். ஹார்டியின் முதல் மனைவி எம்மா ஒரு வழக்கறிஞரின் மகள். அவருடைய சிறிய தந்தை திருச்சபையில் உயர்பதவி வகித்தவர். 1874இல் லண்டனில் நடந்த அத்திருமணத்தில் ஹார்டியின் பெற்றோரோ தங்கைகளோ கலந்துகொள்ளவில்லை. மேரியும் கடைசித் தங்கையான கேட் என்பவரும் பின்னாளில் டார்செஸ்டரில் மதிப்புள்ள ஆசிரியைகளாக வாழ்ந்தார்கள். மேரி தலைமையாசிரியையாகவும் உயர்ந்தார். ஆயினும் அதே நகரின் ஓரத்தில் இருந்த அண்ணன் வீட்டில் எம்மாவுக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவு கடைசிவரை கசந்தே இருந்தது. அரசின் சான்றிதழ் அவர்களுக்குச் சம்பளத்தையும் தனி வீட்டையும் தந்தது. அண்ணியின் வரவேற்பறையில் அது செல்லுபடியாகவில்லை. சகோதரிகள் இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை.

நெய்தல்:

கரிசல் அவர்களின் பதில் மிகவும் விரிவானது. அதிலுள்ள செய்திகளோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் ஆசிரியைப் பணியை மட்டும் வைத்துக் கிராமத்துப் பெண்ணின் ஆசையை அளந்தால், பெரும்பான்மையினரை நாம் பார்க்கத் தவறிவிடுவோம். 1891ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுப் பணியில் இருந்த பெண்கள் 13 இலட்சத்துக்கு மேல். இவர்களுள் மிகப் பலர் கிராமங்களிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் புறப்பட்டவர்கள். இவர்களுக்கு ஆசை இல்லை என்று நினைப்பது பெரிய அநீதி.

ஒரு தாய் தன் மகளின் எதிர்காலத்தை எப்படிக் கணக்கிட்டிருப்பாள் என்று பாருங்கள். மாணவ ஆசிரியைக்கு முதலாண்டில் கிடைப்பது 10 பவுண்டு. ஆனால் அவள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், வீட்டில்தான் உறங்க வேண்டும். 1861இல் வெளியாகிப் பரவலாகப் பயன்பட்ட ஓர் இல்லற நிர்வாக நூல், எல்லா வேலைகளையும் தனியாகச் செய்யும் பணிப்பெண்ணுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு வரையும், சமையற்காரிக்கு 14 முதல் 30 பவுண்டு வரையும், வீட்டு மேலாளரான பெண்ணுக்கு 45 பவுண்டு வரையும் சம்பளம் குறிப்பிடுகிறது. இவர்கள் அனைவருக்கும் உணவும் இடமும் எசமானர் வீட்டில். எட்டுப் பேர் இரண்டு அறைகளில் படுக்கும் குடிசையில் ஓர் உயிர் குறைந்தால் மற்றவர்களுக்கு ரொட்டி கூடும். ஆகவே, பள்ளியில் கெட்டிக்காரியான மகளையும் வேலைக்கு அனுப்பிய தாய் குறுகிய மனம் கொண்டவள் என்று தீர்ப்பளிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த வேலை உலகத்துக்குள்ளும் ஏணி இருந்தது. முதலில் அருகிலுள்ள கடைக்காரர் வீட்டிலோ ஆசிரியர் வீட்டிலோ ஓராண்டு; பிறகு பெரிய மாளிகையில் பாத்திரம் துலக்குபவள்; அதிலிருந்து சமையலறை உதவி, சமையற்காரி என்று மேலே போகலாம். காலையில் அணிய அச்சிட்ட பருத்தி உடை, பிற்பகலுக்குக் கறுப்பு உடை, தொப்பிகள், மேலங்கிகள், இவற்றை வைக்க ஒரு தகரப்பெட்டி என எல்லாவற்றையும் பெண் வீட்டாரே வாங்கித் தந்தாக வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லாத பெண் நல்ல வீட்டின் வாசலைக்கூட அணுக முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய எசமானியின் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அடுத்த வேலை கிடைக்காது. அந்தக் கடிதத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எசமானிக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பின் பயன் மற்றொரு பெண்ணின் ஒரு நாள் கோபத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹன்னா கல்விக் என்ற பெண்ணின் நாட்குறிப்புகளைப் பற்றிப் பொருநை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1833இல் ஷ்ராப்ஷர் மாவட்டத்தின் ஷிஃப்னல் என்ற சிற்றூரில் குதிரைச் சேணம் செய்பவரின் மகளாகப் பிறந்தவர். எட்டு வயதிலேயே வேலைக்குப் போனவர். பதினான்கு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்தவர். 1854இல் லண்டனில் ஆர்தர் மன்பி என்ற வழக்கறிஞரைச் சந்தித்தார். உழைக்கும் பெண்களின் வாழ்க்கையில் தீராத ஈடுபாடு கொண்டிருந்த மன்பியின் வேண்டுகோளால் தன் அன்றாட வேலைகளை எழுதத் தொடங்கினார். துலக்கிய பாத்திரம், தேய்த்த படிக்கட்டு, சுமந்த நிலக்கரி என்று அந்தக் குறிப்புகள் ஒரு பணிப்பெண்ணின் நாளை அவளுடைய சொற்களிலேயே காட்டுகின்றன. பல்லாண்டு உறவுக்குப் பிறகு 1873 ஜனவரியில் இருவரும் இரகசியமாக மணந்துகொண்டார்கள்.

கதைகளில் வரும் கனவானுடனான திருமணம் உண்மையில் நிகழ்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இதுவே சான்று. லண்டனின் டெம்பிள் பகுதியிலிருந்த மன்பியின் இல்லத்தில் ஹன்னா பிறர் கண்ணுக்குப் பணிப்பெண்ணாகவே இருந்தார். பிரான்சுக்குச் சென்றபோது மட்டும் சீமாட்டியின் உடையில் மனைவியாகத் தோன்றினார். சீமாட்டியாக வாழ்வதை அவர் விரும்பவில்லை. கையுறையும் கட்டுப்பாடுமாக, எந்த வேலையும் செய்யாமல் அமர்ந்திருப்பது அவருக்குச் சிறையாகத் தெரிந்தது. மணமான பிறகும் செய்த வேலைக்குச் சம்பளம் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். 1877இல் பிரிந்து, பின்னர் ஷ்ராப்ஷருக்கே திரும்பினார். மன்பி தொடர்ந்து அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். ஹன்னா 1909இல் இறந்தார். மறு ஆண்டு மன்பியும் இறந்தார். மன்பி விட்டுச் சென்ற தாள்கள் 1950 வரை திறக்கப்படக் கூடாது என்ற நிபந்தனையோடு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. ஒரு பணிப்பெண்ணுடனான மணவாழ்வின் பதிவுகள், இருவரும் இறந்த பிறகும் நாற்பது ஆண்டுகள் பூட்டி வைக்கத்தக்கவையாகக் கருதப்பட்ட சமூகம் அது.

ஹன்னாவுக்கு ஆசை இல்லை என்று யாரேனும் சொன்னால் நான் மறுப்பேன். தன் உழைப்பின் கூலி தன் கையில் இருக்க வேண்டும், தெருவில் தனியாக நடக்கும் உரிமை தனக்கு இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஒரு சீமாட்டியாகிவிட்டால் அவை இரண்டும் பறிபோகும் என்று அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

பொருநை:

கரிசல், நெய்தல் இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஹன்னாவைப் பற்றிப் படித்தபோது, உயர்வு என்பதை நான் மேல்வர்க்கத்தாரின் கண்களால் அளந்துகொண்டிருந்தேனோ என்று தோன்றியது. இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. ஆசிரியைப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் அப்பால், அலுவலகம், அஞ்சலகம் போன்ற புதிய வேலைகள் கிராமத்துப் பெண்களுக்குக் கிடைத்தனவா? ஜெமைமா, மார்த்தா ஆகியோரின் வாழ்க்கையில் திருமணமே இலட்சியத்தின் முடிவாக அமைந்தது தற்செயலா, அல்லது அப்படி அமையும்படி ஏற்பாடு இருந்ததா? டிரிஃபீனாவின் பிற்கால வாழ்க்கையையும் கரிசல் அவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தகடூர்:

அஞ்சலகத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

1870இல் பிரிட்டனின் தனியார் தந்தி நிறுவனங்கள் அனைத்தும் அஞ்சல் துறையின் கீழ் வந்தன. அவற்றில் வேலை செய்த பெண்களும் அரசு ஊழியர்களானார்கள். மறு ஆண்டு, அத்துறையின் உயர் அதிகாரியான ஃபிராங்க் ஐவ்ஸ் ஸ்கடமோர் பெண்களை வேலைக்கு வைப்பதன் நன்மைகளை ஓர் அறிக்கையில் விளக்கினார். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: கீழ்நிலை வகுப்பைச் சேர்ந்த ஆண்களை மட்டுமே ஈர்க்கக்கூடிய சம்பளத்துக்கு, அதைவிட உயர்ந்த வகுப்பைச் சேர்ந்த பெண்கள் வருவார்கள், அவர்கள் நன்றாக எழுதுவார்கள், பிழையின்றிப் பேசுவார்கள், சம்பளம் உயரும் காலத்துக்குள் திருமணமாகிப் போய்விடுவார்கள், ஆகவே ஓய்வூதியச் சுமையும் குறையும். பொருநை அவர்களின் இரண்டு கேள்விகளுக்குமான விடை இந்த ஒரே வாதத்தில் அடங்கியிருக்கிறது. பெண் என்பதால் மலிவு, உயர்வகுப்புப் பெண் என்பதால் தரம் என்று இரு ஆதாயங்களையும் ஒரே சம்பளத்தில் பெற அரசு திட்டமிட்டது. அந்தக் கணக்கில் கூலி வீட்டு மகளுக்கு இடமே இல்லை. 1876இல் அஞ்சல் துறை, மணமான பெண்கள் நிரந்தரப் பணியில் நீடிக்கக் கூடாது என்ற விதியையும் கொண்டுவந்தது. அந்தத் தடை 1946இல்தான் நீங்கியது. ஆகவே, திருமணத்தோடு வேலை முடிவது தற்செயலன்று. செலவைக் குறைக்கும் ஏற்பாடாகவே அது எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நகரத்துத் தந்தி அலுவலகத்தின் தேர்வுகளும் நடுத்தர வர்க்கப் போட்டியும் இல்லாத ஒரு சிறு கதவு கிராமத்தில் இருந்தது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் தங்கள் பொறுப்பில் உதவியாளரை அமர்த்திக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டுஷரின் ஜூனிப்பர் ஹில் என்ற குக்கிராமத்தில் 1876இல் ஒரு கல்தச்சரின் மகளாகப் பிறந்த ஃபுளோரா தாம்ப்சன், 1891இல் பதினான்கு வயதில் ஃபிரிங்ஃபோர்டு அஞ்சலகத்துக்கு இப்படித்தான் போனார். அந்த ஊர்ப் பெண்கள் ஏறத்தாழ அனைவரும் வீட்டு வேலைக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில் இது விதிவிலக்கு. அஞ்சலகத்தை நடத்திய அம்மையார் குடும்பத்துக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதால் கிடைத்த விதிவிலக்கு. 1898இல் ஹாம்ப்ஷரின் கிரேஷாட் அஞ்சலகத்துக்குச் சென்றார். அப்பகுதியில் வசித்த எழுத்தாளர்கள் அங்கே வந்து போவார்கள். முகப்பு மேசைக்குப் பின்னால் நின்று அவர்களுக்கு அஞ்சல்தலை விற்ற இளம்பெண், தானும் எழுத வேண்டும் என்ற ஆசையை யாரிடம் சொல்லியிருக்க முடியும்? 1903இல் ஓர் அஞ்சலக எழுத்தரை மணந்தார். தன் சிற்றூரைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதற்பகுதி 1939இல், அறுபத்திரண்டு வயதில்தான் வெளியானது.

செவிலியர் பணியிலும் இதே பிரிவினை உண்டு. 1860இல் லண்டனின் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், உதவித்தொகை பெற்றுப் பயிலும் சாதாரணப் பெண்கள் என்றும் கட்டணம் செலுத்திப் பயிலும் சீமாட்டிகள் என்றும் இரண்டு வகையினர் உருவானார்கள். மேற்பார்வைப் பதவிகளுக்குப் பெரும்பாலும் பின்னவர்களே கருதப்பட்டார்கள்.

கரிசல்:

தகடூர் அவர்கள் காட்டிய கணக்கு ஆசிரியப் பணிக்கும் பொருந்தும் என்பதால் அதைத் தொட்டுவிட்டு, டிரிஃபீனாவுக்கு வருகிறேன்.

அரசின் உதவி என்று நான் புகழ்ந்த ஏற்பாடு நெடுங்காலம் அப்படியே நீடிக்கவில்லை. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தப்பட்ட விதித்தொகுப்பு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் குழந்தைகள் பெறும் தேர்ச்சிக்கு ஏற்பவே பள்ளிக்கு மானியம் என்று ஆக்கியது. (இதே தேர்ச்சிவழி மானிய முறை பின்னர் நம் சென்னை மாகாணப் பள்ளிகளிலும் பின்பற்றப்பட்டது.) மாணவ ஆசிரியர்களுக்கு அரசு நேரடியாக அளித்து வந்த உதவித்தொகை நின்றது, இனிப் பள்ளி நிர்வாகத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளும் கூலியே அவர்களுக்கு. நகரங்களில் மாணவ ஆசிரியர்களுக்கென்று தனி வகுப்பு மையங்கள் பின்னர் உருவாயின. கிராமத்துப் பெண்ணுக்கோ, நாள் முழுதும் வகுப்பெடுத்துக் களைத்த தலைமையாசிரியை மாலையில் சொல்லித் தருவதே கதி. கல்லூரிக்குப் போகும் போட்டித் தேர்வில் அவள் பின்தங்கியதில் வியப்பில்லை. அப்படிப் பின்தங்கியவர்கள் கிராமப் பள்ளிகளிலேயே சான்றிதழ் இல்லாத மலிவான ஆசிரியைகளாகத் தங்கினார்கள். 1890 விதித்தொகுப்பின் 68ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பி, அம்மை குத்திக்கொண்டு, ஆய்வாளரின் ஒப்புதலைப் பெற்ற எந்தப் பெண்ணும் துணை ஆசிரியையாகலாம் என்று அனுமதித்தது. கிராமத்துக் குழந்தைகளுக்கு அவ்வளவு போதும் என்பதே அதன் பொருள் என்று நான் கருதுகிறேன்.

பயிற்சிக் கல்லூரிகளும் இந்தப் பெண்கள் தங்கள் பிறப்பை மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டன. மாணவியரே தரையைத் துடைத்தார்கள், துணி வெளுத்தார்கள், எளிய உடை அணிந்தார்கள். 1873இல் சிச்செஸ்டரின் பிஷப் ஓட்டர் கல்லூரி பெண்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டபோது, லூயிசா ஹப்பர்ட் என்பாரின் முயற்சியால் அது நடுத்தர, மேல்வர்க்கப் பெண்களைத் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளாக்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரே பணிக்குப் போகிறவர்கள். ஆனால் மேஸ்திரியின் மகளோடு ஒரே கூடத்தில் உறங்க வேண்டியதில்லை என்ற உறுதி அவர்களுக்குத் தேவைப்பட்டது.

டிரிஃபீனா பிளிமத்தில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்தார். 1877இல் டாப்ஷமில் மதுக்கடையுடன் கூடிய விடுதி நடத்திய சார்லஸ் கேல் என்பவரை மணந்து பணியைவிட்டு விலகினார். 1890இல், நாற்பது வயது ஆகும் முன்பே காலமானார். ஆசிரியைகளுக்கு நாடு முழுவதற்குமான திருமணத் தடை அப்போது சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு நிர்வாகமும் தன் விருப்பப்படி நடந்துகொண்டது, மணமான ஆசிரியைகளை வைத்துக்கொண்ட கிராமப் பள்ளிகளும் உண்டு. ஆயினும் விலகுவதே முறை என்று சமூகம் எதிர்பார்த்தது. இருபதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1920களில், பல உள்ளூர்க் கல்வி நிர்வாகங்கள் அந்த எதிர்பார்ப்பையே விதியாக எழுதிக்கொண்டன. அது நீக்கப்பட்டது 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில்தான். மேரியின் தங்கை கேட் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.